மார்க்கெட் ரோட்டை மாத்தப் போறாங்க, யார்கிட்ட எப்படி கருத்து கேக்கறது? எல்லா வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு பார்வை

சென்னையில எங்க பகுதி மார்க்கெட் ரோட்டுக்கு ஒரு புது திட்டம் பேச்சுல இருக்கு. நடைபாதையை அகலமாக்கறது, தள்ளுவண்டிக்குன்னு இடம் ஒதுக்கறது, பார்க்கிங்குக்கு காசு வாங்கறது, காலையில சில மணி நேரம் கார் உள்ள வராம நிறுத்தறதுன்னு பலதும் ஓடுது. இன்னும் வரைபடம் போடல, டெண்டர் விடல, அதனாலதான் இதை இப்பவே எழுதறேன். குடியிருப்போர் சங்கங்களும் வியாபாரிகள் சங்கமும் தள்ளுவண்டிக்காரங்களும் சேர்ந்து கவுன்சிலர்கிட்ட ஒரு கடிதம் குடுக்கறதா இருக்கோம், "திட்டம் போடறதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட இப்படித்தான் கேக்கணும்"னு. அந்த "இப்படித்தான்" என்னங்கறதுல ஆளுக்கு ஒரு கருத்து. ஒருத்தர் ஈமெயில் போதும்ங்கறார், ஒருத்தர் பெரிய மண்டபம் பிடிச்சு கூட்டம் போடணும்ங்கறார், காலேஜ் பசங்க ஆப் வெச்சு பண்ணலாம்ங்கறாங்க. எல்லாத்தையும் யோசிச்சு பாத்து எனக்கு எது சரின்னு படுதோ அதை இங்க சொல்றேன்.

நான் எதை வெச்சு எடை போடறேன்னு முதல்லயே சொல்லிடறேன். எப்போ கேக்கறாங்க, யாரால வர முடியும், சொன்னதுக்கு பதில் வருமா, இந்த மூணுதான். இதுல முதலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வரைபடம் எல்லாம் முடிச்சு கான்ட்ராக்டரும் முடிவான பிறகு கூப்பிட்டு கருத்து கேட்டா அது தைச்சு முடிச்ச சட்டைக்கு அளவு எடுக்கற மாதிரி, யாரு என்ன சொன்னாலும் ஒண்ணும் மாறாது, மாத்தணும்னா பிரிச்சுத்தான் ஆகணும். மெரினா பக்கம் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டுல 2023 ஏப்ரல்ல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரோட்டோர மீன் கடைகளால டிராஃபிக் ஆகுதுன்னு ஐகோர்ட் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு, கடைகளை அப்புறப்படுத்துனாங்க, மீனவங்க ரோட்டுல உக்காந்து போராடுனாங்க, அப்புறம்தான் எந்த பக்கம் விக்கலாம், எப்படி விக்கலாம்னு பேச்சே ஆரம்பிச்சுது. 366 கடையோட புது மீன் மார்க்கெட் திறந்தது 2024 ஆகஸ்ட்ல. பேச வேண்டியதை முன்னாடியே பேசியிருந்தா அந்த ஏப்ரல் மாசத்தை அந்த குடும்பங்க அப்படி கழிச்சிருக்க வேண்டாமேன்னு இப்பவும் எனக்கு மனசு கேக்கல.

சரி, ஈமெயில்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதுதான் இருக்கறதுலயே சுலபம். வரைவை இணையத்துல போட்டு, 30 நாள் குடுத்து, எழுதி அனுப்புங்கன்னு சொல்றது. மத்திய அரசே 2014-ல ஒரு கொள்கை வெச்சிருக்கு, சட்ட வரைவுகளை குறைஞ்சது 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு. செலவு கிடையாது, சங்கங்கள், வக்கீல்கள், ஆராய்ச்சி பண்றவங்க நல்லா விவரமா எழுதுவாங்க, எழுத்துல இருக்கறதால நாளைக்கு யாரும் மறுக்கவும் முடியாது. ஆனா 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தப்போ என்ன ஆச்சு? இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான் வந்துது, எட்டாவது அட்டவணையில இருக்கற எல்லா மொழியிலயும் மொழிபெயர்க்கணும்னு டெல்லி ஐகோர்ட் சொல்ல வேண்டியிருந்துது. எண்ணூர்ல வலை வீசறவரோட பொழப்பைப் பத்தின விதி அவருக்கு படிக்கத் தெரிஞ்ச மொழியில வர்றதுக்கே கோர்ட்டுக்கு போகணும்னா அந்த 30 நாள் யாருக்கு? நம்ம மார்க்கெட்டுல கீரை விக்கற அக்கா ஈமெயில் அனுப்பப் போறதில்ல, அது அவங்க குறையும் இல்ல. அதனால இது கடைசி கட்டத்துல, எல்லாம் பேசி வரைவு வந்த பிறகு, வாக்கியம் வாக்கியமா சரிபாக்க மட்டும் போதும், அதுவும் தமிழ்ல.

காலேஜ் பசங்க சொல்ற ஆப் வழியை நான் ஒதுக்கி வைக்க மாட்டேன். தைவான்ல 2015-ல ஊபர் டாக்ஸி பிரச்சனைக்கு ஒரு ஆன்லைன் கருத்து மேடை வெச்சு பண்ணுனாங்க, அதுல ஒருத்தர் ஒரு கருத்து எழுதுவார், மத்தவங்க சரி, தப்பு, இல்ல தெரியலைன்னு அழுத்தலாம், அவ்வளவுதான், பதில் எழுத பட்டனே கிடையாது. அதனால சண்டை வளராது, எதிர் எதிர் கோஷ்டியா தெரியறவங்க எந்த விஷயத்துல ஒத்துப்போறாங்கன்னு கணக்கு போட்டு காமிச்சுடும். அங்க டாக்ஸி டிரைவர், ஊபர் டிரைவர், பயணிகள் எல்லாரும் இன்சூரன்ஸ் மாதிரி விஷயங்கள்ல ஒண்ணா நின்னது தெரிஞ்சு, அதை வெச்சு விதி எழுதுனாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்புல பார்க்கிங்னு ஒரு வார்த்தை போட்டா ராத்திரி 12 மணி வரைக்கும் நடக்கற சண்டையை நெனச்சு பாத்தா பதில் பட்டன் இல்லாததோட அருமை புரியும். நம்ம ரோட்டுல இது ஒரு தரப்புக்கு ரொம்ப பொருந்தும், டெலிவரி பசங்களுக்கு. சாயங்காலம் ஓட்டல் வாசல்ல பைக்கை நிறுத்திட்டு ஆர்டருக்கு காத்திருக்கற பத்து நிமிஷத்துல அவங்களால எந்த மீட்டிங்குக்கும் வர முடியாது, ஆனா போன் கையிலதான் இருக்கு, அழுத்திடுவாங்க. இந்த தெருவை ஒரு நாளைக்கு அதிக தடவை சுத்தறது அவங்கதான், ஆனா நம்ம எந்த பட்டியல்லயும் அவங்க பேர் இருக்கறதில்ல.

அடுத்தது மண்டபம் பிடிச்சு நடத்தற பொதுக் கருத்துக் கேட்பு. இதுக்கு சட்டப்படி ஒரு வடிவம் இருக்கு, 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில வர்றது. 30 நாள் முன்னாடி நோட்டீஸ், தேசிய பத்திரிகை ஒண்ணுலயும் உள்ளூர் மொழி பத்திரிகை ஒண்ணுலயும் விளம்பரம், கலெக்டரோ அவர் சார்புல வர்றவரோ தலைமை, முழுக்க வீடியோ பதிவு. வடசென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல, அனல்மின் நிலையம், துறைமுகம்னு எத்தனையோ விஷயத்துக்கு இந்த மேடையில நின்னு பேசியிருக்காங்க. இதுல என்ன கஷ்டம்னா, கம்பெனியோ துறையோ திட்டத்தை கையில வெச்சுக்கிட்டு மேடையில இருக்கும், மக்கள் கீழ இருப்பாங்க, மைக்குக்கு வரிசை நிக்கும், ஆதரவு ஒரு பக்கம் எதிர்ப்பு ஒரு பக்கம்னு மண்டபமே ரெண்டா பிரிஞ்சுடும். "இப்படி மாத்துனா எனக்கு சரி"ன்னு நடுவுல நிக்கறவர் பேசவே முடியாது, பேசுனா ரெண்டு பக்கமும் கத்துவாங்க. நம்ம தெருவுல கடைக்காரருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் ஏற்கனவே இருக்கற கசப்பை மைக் வெச்சு பெருசாக்கிட வேண்டாம்.

ஆனா அந்த அறிவிக்கையில ஒரு விஷயம் தங்கம். கூட்டம் முடியும்போது யார் யார் என்ன சொன்னாங்கன்னு தொகுத்து உள்ளூர் மொழியில எல்லார் முன்னாடியும் வாசிக்கணும், ஒத்துக்கிட்ட குறிப்புல அன்னிக்கே கையெழுத்து ஆகணும். நாம எந்த வழியை எடுத்தாலும் இதை மட்டும் அப்படியே எடுத்துக்கணும். சென்னையில ஒரு துறை கூட்டுன கூட்டத்துக்கு நான் போயிருந்தேன், ரெண்டு மணி நேரம் எல்லாரும் பேசுனோம், ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தார், அப்புறம் அந்த நோட்டு எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கேட்டா "கருத்துகள் பரிசீலனையில இருக்கு"ன்னு சொல்றாங்க. இந்த மாதிரி ரெண்டு தடவை ஆச்சுன்னா மூணாவது தடவை யாரும் வர மாட்டாங்க, வராததைக் காட்டி மக்களுக்கு ஆர்வம் இல்லைன்னு எழுதிடுவாங்க.

இப்போ ஏரியா சபை. கிராமத்துல கிராம சபை இருக்கற மாதிரி நகரத்துல வேணும்னு பல வருஷமா கேட்டு, 2022-ல விதி வந்து, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல கூட்டம் நடந்துது. சென்னைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா ஒண்ணு யோசிங்க, 2016 கடைசியில இருந்து 2022 மார்ச் வரைக்கும் நமக்கு கவுன்சிலரே கிடையாது, அஞ்சு வருஷத்துக்கும் மேல யார் கதவைத் தட்டறதுன்னு தெரியாம இருந்தோம். 2011 கணக்குப்படி 67 லட்சம் பேருக்கு 200 வார்டுன்னா ஒரு வார்டுக்கு சராசரி 33 ஆயிரம் பேருக்கு மேல, அதையும் ஏரியா ஏரியாவா பிரிச்சு உக்காந்து பேசறதுன்னா அது சின்ன விஷயம் இல்ல. சட்டப்படி இருக்கற அமைப்பு, செலவு கம்மி, கவுன்சிலர் நேர்ல பதில் சொல்லணும். எனக்கு இதுமேல பெரிய மரியாதை இருக்கு.

இருந்தாலும் நம்ம மார்க்கெட் விஷயத்துல இதுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. ஏரியா சபைங்கறது அந்த ஏரியா வாக்காளர்களுக்கு. நம்ம ரோட்டுல கடை போடறவங்கள்ல எத்தனை பேர் நம்ம ஏரியா வாக்காளர்? ஆத்தங்கரை, கால்வாய்க்கரையில இருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு கொண்டு போய் குடி வெச்ச குடும்பங்கள்ல நிறைய பேர் பொழப்புக்கு இன்னும் பழைய ஏரியாவுக்குத்தான் பஸ் ஏறி வர்றாங்க, வாடிக்கை அங்கதானே இருக்கு. பூ விக்கற அக்கா ஒருத்தங்ககிட்ட பேசிட்டிருந்தேன், பல வருஷமா இதே முனையில உக்காந்து விக்கறாங்க, ஓட்டு மட்டும் நகரத்தோட அந்தக் கோடியில. ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. ஏரியா சபையில அவங்க பேசலாமான்னு கேட்டா சட்டப்படி பதில் இழுக்கும். அவங்களோட இடம் எதுன்னு அவங்க இல்லாம முடிவு பண்ற சபையா அது ஆகிடக் கூடாது. இன்னொண்ணு, சபையில தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால்னு அன்னாட பிரச்சனைகளே நேரத்தை சாப்பிட்டுடும், அதை தப்புன்னும் சொல்ல முடியாது. அதனால திட்டம் போடற வேலையை ஏரியா சபையில பண்ண முடியாது, போட்ட திட்டத்துக்கு கணக்கு கேக்கற இடமா அதை வெச்சுக்கலாம்.

தெருவோர வியாபாரிகளுக்குன்னு தனி சட்டமே இருக்கு, 2014 சட்டம். அதுல வர்ற வெண்டிங் கமிட்டி, அதாவது விற்பனைக் குழுதான் அடுத்த வழி, இதை கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா இது நாம விரும்புனா வைக்கலாம், இல்லைன்னா விடலாம்ங்கற விஷயம் கிடையாது. கமிட்டியில 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்தல் வெச்சு தேர்ந்தெடுத்தவங்களா இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். தொண்டு நிறுவனங்கள், சமூக அமைப்புகளுக்கு 10 சதவீதத்துக்கு குறையாம இடம். கணக்கெடுப்பு முடிச்சு சான்றிதழ் குடுக்காம யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். எழுதுனவங்க யாரோ அனுபவப்பட்டு எழுதியிருக்காங்கன்னு படிக்கும்போதே தெரியும். விக்கறவங்களை பாதிக்கப்பட்டவங்களா கூப்பிடாம முடிவெடுக்கறவங்களா உக்கார வைக்கறதுதான் இதோட பலம். போலீஸ், மாநகராட்சி, சங்கம் எல்லாம் ஒரே மேசையில இருக்கறதால "அது எங்க துறை இல்ல"ன்னு தட்டிக் கழிக்கவும் முடியாது.

பலவீனம்? கமிட்டின்னு வந்தாலே தலைவர்கள் வருவாங்க. சங்கத்துல இருக்கறவர், கட்சியில பழக்கம் இருக்கறவர், நல்லா பேசறவர். பள்ளிக்கூட வாசல்ல சாயங்காலம் மட்டும் மாங்காய் கீறி விக்கற பாட்டி எந்த சங்கத்துலயும் இருக்க மாட்டாங்க. அப்புறம் இந்த கமிட்டி பாக்கறது வியாபார விஷயத்தை மட்டும்தான், நம்ம திட்டத்துல நடைபாதை இருக்கு, பார்க்கிங் இருக்கு, வீல்சேர்ல வர்றவங்க இருக்காங்க, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கு, லோடு இறக்கற குட்டியானை இருக்கு. இதுக்கெல்லாம் யார் பேசறது? அதனால வண்டிக்காரங்க இடம் சம்பந்தப்பட்ட எந்த முடிவும் இந்த கமிட்டியைத் தாண்டி போகக் கூடாது, அதுல நான் கறாரா இருக்கேன், ஆனா மொத்த தெருவையும் இதுகிட்ட விட்டுட முடியாது.

குலுக்கல் முறையை ஒரு நண்பர் ரொம்ப ஆர்வமா சொன்னார். பொதுமக்கள்ல இருந்து குலுக்கல்ல ஆள் எடுத்து, நிபுணர்கள் வந்து விளக்கி, அவங்க உக்காந்து பேசி பரிந்துரை சொல்றது. அயர்லாந்துல 2016-ல 99 பேரும் ஒரு தலைவருமா சபை வெச்சு கருக்கலைப்பு சட்டத்தைப் பத்தி பல வாரக்கடைசி பேசுனாங்க, அரசியல்வாதிங்க கை வைக்கவே பயந்த விஷயம், அந்த பரிந்துரையில இருந்து வாக்கெடுப்புக்கு போய் 2018-ல 66.4 சதவீதம் பேர் ஆதரிச்சு மாறிச்சு. இது வெளிநாட்டு சமாச்சாரம் நமக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு, சென்னையில இருந்து வண்டி எடுத்தா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல உத்திரமேரூர் போயிடலாம், கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு இருக்கு, ஊரை 30 குடும்பா (குடும்புன்னா இப்போ வார்டு மாதிரி) பிரிச்சு, பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு குலுக்கி எடுத்ததை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெட்டி வெச்சிருக்காங்க. கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னு கூட அதுல இருக்கு. ஆனா அதே கல்வெட்டுல சொந்த நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும், 35-ல இருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும்னு தகுதியும் இருக்கு. குலுக்கல் நேர்மையாதான் நடந்துது, ஆனா குடத்துக்குள்ள யார் ஓலை போச்சுங்கறதுல எல்லாம் முடிஞ்சு போச்சு.

நம்ம காலத்து குடம் வாக்காளர் பட்டியல். அதை வெச்சு குலுக்குனா பூக்கார அக்கா இல்ல, பீகார்ல இருந்து வந்து ஓட்டல்ல வேலை பாக்கற பையன் இல்ல, வாடகைக்கு மாறி மாறி போய் பேர் விட்டுப் போனவங்க இல்ல. இந்த முறை மொத்த சென்னைக்கும் பார்க்கிங் கட்டணம் எவ்வளவுங்கற மாதிரி, யாரும் தன் வாசலை மட்டும் பாக்காம யோசிக்க வேண்டிய பெரிய கேள்விக்கு நல்லது. 2046 வரைக்குமான மூணாவது மாஸ்டர் பிளான் மாதிரி விஷயத்துக்கு இப்படி ஒரு சபை வைக்கணும்னு நான் எங்க வேணா பேசத் தயார். ஒரு தெருவுக்கு இது அதிகம், செலவும் அதிகம், அந்த தெருவை நம்பி பொழைக்கறவங்களை விட்டுட்டு குலுக்கல்ல வந்தவங்க முடிவு பண்றதுல நியாயமும் கம்மி.

பங்கேற்பு பட்ஜெட் பத்தியும் கேட்டாங்க, பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேல 1989-ல ஆரம்பிச்சது, புனேல 2006-ல இருந்து இருக்கு. பணம் இவ்வளவு இருக்கு, எந்த வேலைக்கு போடறதுன்னு மக்கள் சொல்றதுக்கு நல்ல வழி, ஆனா நம்ம முன்னாடி இருக்கறது விதியும் வடிவமும் பத்தின கேள்வி, அதனால இப்போதைக்கு இதை விட்டுடறேன்.

கடைசியா நான் ஓட்டு போடற வழி. தெருவுல ஒண்ணா நடந்து பாத்து, சேர்ந்து வரைஞ்சு, சாக்பீஸும் பேரிகேடும் வெச்சு தற்காலிகமா செஞ்சு பாத்து, அப்புறம் முடிவு பண்றது. தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பர்ல திறந்தாங்க இல்லையா, அங்க கட்டறதுக்கு முன்னாடி ரோட்டை தற்காலிகமா மாத்தி வெச்சு வெள்ளோட்டம் பாத்தாங்க. "கார் வரலைன்னா வியாபாரம் படுத்துடும்"னு பயந்தவங்களுக்கு வரைபடத்தைக் காட்டி பேசறதை விட நடந்து போற கூட்டத்தைக் காட்டறது எளிசு. மெரினாவுல மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையும் அப்படி வந்ததுதான். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சில நாளைக்கு தற்காலிக பாதை போட்டாங்க, வீல்சேர்ல இருந்தவங்க முதல் தடவையா அலைகிட்ட போனாங்க, இது ஏன் வருஷம் முழுக்க இருக்கக் கூடாதுன்னு அவங்களும் அவங்க அமைப்புகளும் விடாம கேட்டு, 2022 நவம்பர் 27-ல நிரந்தர பாதை வந்துது. ரெண்டு வாரம் கூட ஆகல, மாண்டஸ் புயல்ல சேதமாகி மறுபடி சரி பண்ண வேண்டியதாச்சு, சரி பண்ணுனாங்க. உபயோகிச்சு பழகுன ஒரு விஷயத்தை கேட்டு வாங்கறதுக்கு ஆள் இருக்கும், காகிதத்துல இருக்கற விஷயத்துக்கு யாரும் இருக்க மாட்டாங்க.

இந்த வழியில என்ன தெரிய வரும்னு ஒரு சின்ன விஷயம் சொல்றேன். வேற ஒரு மார்க்கெட்டுல இப்படி சாக்பீஸ்ல கட்டம் போட்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம்னு நிக்க வெச்சு பாத்தோம். எல்லா கட்டமும் ஒரே அளவு, வரிசையா, பாக்க அழகா இருந்துது. கீரை விக்கற அக்கா நின்ன கட்டத்தைப் பாத்துட்டு "தம்பி, ரெண்டு மணிக்கு மேல இங்க வெயில் நேரா அடிக்கும், கீரை வாடிப் போயிடும், எதிர் பக்கம்னா பரவால்ல"ன்னாங்க. பக்கத்துல பாத்திரக்கடைக்காரருக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது, அவர் மாறிக்கிட்டார், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. மீன் விக்கறவங்களுக்கு தண்ணி எங்க கிடைக்கும், கழுவுன தண்ணி எங்க போகும்ங்கறது அடுத்து வந்துது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கற பெண்களுக்கு டாய்லெட் எவ்வளவு தூரம்னு கேட்டப்போ எல்லாரும் அமைதியாயிட்டாங்க, ஏன்னா வரைபடத்துல அதுக்கு இடமே இல்ல. ஒரு நாள் நடந்ததுல இவ்வளவு. ஈமெயில்ல இதுல ஒண்ணு கூட வந்திருக்காது, ஏன்னா இதெல்லாம் "கருத்து"ன்னு அவங்களுக்கே தோணாது, அன்னாட வாழ்க்கை அது.

நடக்கறதும் ஒரே நேரத்துல நடந்தா பத்தாது. விடியக்காலம் கோயம்பேடுல இருந்து குட்டியானை வந்து மூட்டை இறக்கும்போது ஒரு தடவை, பள்ளிக்கூடம் விடற நேரத்துல ஒரு தடவை, ராத்திரி கடை கட்டி தூய்மைப் பணியாளர்கள் பெருக்க வரும்போது ஒரு தடவை. குப்பை அள்ளற பேட்டரி வண்டி எங்க திரும்பும், எங்க திரும்பாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், எந்த மழைநீர் மூடி எப்பவும் அடைச்சுக்கும்னும் அவங்களுக்குத்தான் தெரியும். டிராஃபிக் பாயிண்ட்ல நிக்கற கான்ஸ்டபிள்கிட்ட கேக்கணும், மேலதிகாரி வந்து கமிட்டியில உக்காருவார், ஆனா எந்த பஸ் எந்த திருப்பத்துல மாட்டும்னு சொல்றவர் அங்க வெயில்ல நிக்கறவர்தான். பார்வை இல்லாதவர் ஒருத்தர் குச்சியோட நம்ம கூட நடந்தா நடைபாதையில நாம பாக்காம தாண்டி போற பத்து தடை தெரியும்.

இந்த வழியிலயும் ஆபத்து உண்டு, அதை மறைச்சு எழுத மாட்டேன். வெள்ளோட்டம்னு ஆரம்பிச்சு அப்படியே நிரந்தரமாகிடும்ங்கற பயம் வண்டிக்காரங்களுக்கு இருக்கு, அது நியாயமான பயம், அதனால ஆரம்பிக்கற தேதி முடியற தேதி ரெண்டும் எழுத்துல இருக்கணும், முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் பழைய இடத்துக்கு திரும்பிடணும், அப்புறம்தான் அடுத்த பேச்சு. 30 நாள் நோட்டீஸ் விதி வெள்ளோட்டத்துக்கும் உண்டுன்னு எடுத்துக்கணும். தீபாவளி, பொங்கல் நேரத்துல வெச்சா வியாபாரம் எப்படியும் நல்லாத்தான் இருக்கும், அதைக் காட்டி வெற்றின்னு சொல்லிடலாம், அது ஏமாத்து. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அப்போ வெச்சா எதுவுமே தெரியாது. ஒரு வாரம் வெச்சா முதல் ரெண்டு நாள் குழப்பத்தைத்தான் அளப்போம், குறைஞ்சது மூணு வாரம் வேணும், பள்ளிக்கூடம் நடக்கற வாரமா இருக்கணும். எதை அளக்கறோம்னு முன்னாடியே ஒத்துக்கணும், வண்டி எவ்வளவு வேகமா போச்சுன்னு மட்டும் அளந்தா பதில் முன்னாடியே முடிவான மாதிரி. பூ, கீரை, மீன் விக்கறவங்களோட ஒரு நாள் விற்பனையும் கணக்குல வரணும், பாட்டி ஒருத்தங்க ரோடு தாண்ட எவ்வளவு நேரம் நின்னாங்கங்கறதும் வரணும்.

பணம் பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிடறோம், மாச சம்பளக்காரங்க லீவு போட்டு வருவாங்க, ரிட்டையர் ஆனவங்க வருவாங்க. தள்ளுவண்டிக்காரர் காலையில தண்டலுக்கு பணம் வாங்கி சரக்கு எடுத்திருப்பார், சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிப்பார், அரை நாள் வியாபாரம் போனா அந்த கடன் நாளைக்கு ஏறும். வீட்டு வேலைக்கு போற அக்கா ஒரு வேளை வரலைன்னா பேச்சு வாங்குவாங்க. இவங்க கூட்டத்துக்கு வராததை ஆர்வக் குறைவுன்னு எழுதறதை நான் எந்த காலத்துலயும் ஏத்துக்க மாட்டேன். ஆலோசகருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் ஃபீஸ் குடுக்கறோம் இல்லையா, அதே திட்டச் செலவுல இவங்களுக்கு அரை நாள் கூலி குடுக்கணும், கையில, அன்னிக்கே.

ஆக கடிதத்துல நான் எழுதச் சொல்றது இது. பொங்கல் முடிஞ்ச பிறகு, வரைபடம் போடறதுக்கு முன்னாடி, மூணு நேரத்துலயும் நடை, கூலியோட. அதுல வந்ததை வெச்சு சேர்ந்து ஒரு வரைபடம், வண்டிக்காரங்க இடம் மட்டும் வெண்டிங் கமிட்டி ஒப்புதலோட. பார்க்கிங் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் பசங்க சொல்ற ஆப், பதில் பட்டன் இல்லாம. அப்புறம் மூணு வாரம் வெள்ளோட்டம், எழுத்துல தேதியோட. முடிவை ஏரியா சபையில வெச்சு கவுன்சிலர் வாசிக்கணும், அன்னிக்கு மட்டும் ஓட்டு எங்க இருந்தாலும் இந்த ரோட்டுல பொழைக்கறவங்களும் பேசலாம்னு முன்கூட்டியே அறிவிக்கணும். கடைசியா தமிழ் வரைவு, 30 நாள், ஈமெயில்லயும் வார்டு ஆபீஸ்ல பெட்டியிலயும். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஏத்துக்கிட்டோம், ஏத்துக்கல, ஏன்னு ஒரு வரி பதில், பெரிய எழுத்துல அச்சடிச்சு மார்க்கெட் நுழையற இடத்துல ஒட்டணும்.

இதுல ஒரு இடத்துலதான் எனக்கும் சங்கத்து பெரியவங்களுக்கும் இன்னும் ஒத்துப்போகல, கூலி விஷயத்துல. பணம் குடுத்தா ஆள் சேத்த மாதிரி ஆயிடும்னு அவங்க சொல்றாங்க. யாருக்கு குடுக்கறோம், எவ்வளவுன்னு பட்டியல் வெளிப்படையா ஒட்டிட்டா அந்த சந்தேகம் வராதுன்னு நான் நெனக்கறேன். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தள்ளுவண்டிக்காரங்களை வெச்சு இதை ஒரு தடவை பேசிடுவோம், அவங்களுக்கு தோதான நேரம் மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு, அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் போகணும்.